சரியாக இருந்தால் தட்ட மாட்டார்

டங்.

சின்னவர் திருப்புளியைக் கார்புரேட்டரிலிருந்து எடுக்காமலே தலையை மட்டும் திருப்பி ஜன்னலை முறைத்தார். இப்போதுதான் அந்தத் திருகை அரைச் சுற்று தளர்த்தியிருந்தார். தளர்த்தச் சொன்னதும் இதே ஜன்னல்தான்.

"இப்பத்தானே லூஸ் பண்ணச் சொன்னே! அதுக்குள்ள இறுக்கணுமா?" என்று கத்தினார். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் உள்ளே போயிருக்கும். பதிலுக்கு முன்னைவிட அழுத்தமாக இன்னொரு டங்.

ஒரு தட்டு என்றால் இறுக்கு. இரண்டு தட்டு என்றால் தளர்த்து. நிறுத்தாமல் தட்டினால் எஞ்சினை நிறுத்திவிட்டு முதலிலிருந்து வா என்று அர்த்தம். இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது என்று ஆனபிறகு பெரியவர் தானே போட்ட சட்டம் இது. இதயம் களைத்துப்போய்விட்டது, இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பெரியவர் முதல் வேலையாகக் கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னார். முன்னறை ஜன்னலுக்கு வெளியேதான் ஷெட். கட்டிலில் படுத்தால் ஷெட்டின் தகரக் கூரையைத் தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு நட்டு கீழே விழுந்தாலும் கேட்கும். கட்டிலோ இரும்புக் கட்டில். தலைமாட்டில் ஒரு ஸ்பானர். வாய் போன மனிதருக்கு இதைவிட நல்ல வாய் கிடைக்காது.

"சரியா இருக்குன்னு சொல்றதுக்கு எத்தனை தட்டு?" என்று சின்னவர் முதல் நாளே கேட்டார்.

பெரியவர் கண்ணை மூடி மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "சரியா இருந்தா… எதுக்குத் தட்டணும்?"

அதுவும் வாஸ்தவம்தான். பேச்சு நன்றாக இருந்த காலத்திலும் அவர் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் மெக்கானிக் ஷெட் அது. வருகிறவர்கள் ஒருவரைப் பெரியவர் என்றும் இன்னொருவரைச் சின்னவர் என்றும் கூப்பிட்டுப் பழகி, சின்னவருக்குத் தலை முழுக்க நரைத்த பிறகும் அவர் சின்னவர்தான். தம்பி செய்த வேலையை அண்ணன் ஒரு முறை சுற்றி வருவார். குனிவார். காதைச் சாய்ப்பார். ஏதாவது ஒரு நொட்டை சொல்வார். சொல்ல ஒன்றும் கிடைக்காவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அந்தப் பேசாமல் போவதற்காகத்தான் சின்னவர் இத்தனை வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை கிடைத்தால் அதிகம்.

சின்னவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இந்த நொட்டைதான் காரணம். பார்த்த பெண்ணுக்கெல்லாம் அண்ணன் ஒரு குறை கண்டுபிடித்தார். கடைசியில் ஒரு பெண் வீட்டில் எல்லாம் கூடி வந்தபோது, "பையனுக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு" என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தார். "உள்ளதைத்தானே சொன்னேன்" என்றார் வீட்டுக்கு வந்து. அன்றைக்குச் சின்னவருக்கு வந்த கோபத்தைப் பார்த்தவர்கள், பெரியவர் சொன்னது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கடைசியாகப் பிடித்த முயல் ஒரு கேம் ஷாஃப்ட். அதற்கும் மூன்றே கால்.

ஷெட்டுக்குச் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. வழியில் நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுத்து வருவதும், எஞ்சின் பிளாக்குகளை ஏற்றி இறக்குவதும் அதன் வேலை. ஷெட்டுக்கு வரும் சாலை கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் ஏறுகிறது. ஒரு நாள் பாரத்தோடு அந்த ஏற்றத்தில் பிக்கப் திணறி நின்று, பின்னால் வந்த பஸ்காரன் இறங்கி வந்து, "என்ன பெரியவரே, மெக்கானிக் வண்டிக்கே மெக்கானிக் வேணுமா?" என்று கேட்டுவிட்டான். அந்த ஒரு வார்த்தை போதும். வால்வுகளை இன்னும் உயரமாகத் தூக்கி இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும் புது கேம் ஷாஃப்ட் ஒன்று வந்திருக்கிறது, போட்டால் இழுவை கூடும் என்று யாரோ சொல்ல, பெரியவர் மறுநாளே ஆர்டர் கொடுத்தார்.

"அண்ணே, கிழட்டு எஞ்சினுக்கு அதெல்லாம் ஒத்துவராது. போட்டா ஸ்லோல நிக்காது, நொண்டும்" என்று சின்னவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"நொண்டாம வைக்கத் தெரியலன்னு சொல்லு."

கேம் ஷாஃப்ட் பார்சல் வந்தபோது பெரியவர் படுத்துவிட்டிருந்தார். பெட்டியைப் பிரித்துக் கட்டிலிலேயே மடியில் வைத்து, ஒவ்வொரு மேட்டையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "போடு" என்றார். அந்த ஒரு சொல்லுக்குச் சின்னவர் முழு எஞ்சினையும் பிரித்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. சேர்த்தும் ஆயிற்று. இழுவை கூடத்தான் செய்தது, அதைச் சின்னவர் மறுக்கவில்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் தடக்கு, தடக்கு, தடக்கு என்று ஒரு கால் குட்டையானவன் நடக்கிற மாதிரி நடந்தது. சில சமயம் அதுவும் நடக்காமல் நின்றது.

அன்றிலிருந்து இந்தத் தட்டுதான். கார்புரேட்டரில் இருப்பதே இரண்டு திருகு. ஒன்று ஸ்லோவை, அதாவது காலை எடுத்தபின் எஞ்சின் சும்மா ஓடுகிற வேகத்தை, ஏற்றி இறக்கும், இன்னொன்று காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவைக் கூட்டிக் குறைக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாள்தான் திருகிக்கொண்டிருப்பான்?

டங் டங் டங்.

மூன்று தட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. சின்னவர் திருப்புளியை மட்கார்டின்மேல் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"இது என்ன புது பாஷை?"

பெரியவர் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் வாடி, கன்னம் ஒட்டி, காது மட்டும் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணாவது… டேப்பெட்" என்றார் பெரியவர்.

"மூணாவது டேப்பெட்டுக்கு என்ன?"

"தட்டுது."

"அண்ணே, நான் எஞ்சினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறேன். எனக்குக் கேக்கல. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற உனக்குக் கேக்குதா?"

பெரியவர் ஸ்பானரைக் கட்டில் கம்பியின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"ஒரு தடவை பாத்துடுங்களேன் தம்பி. பாக்கிறதுல என்ன போச்சு?" என்றாள் அண்ணி.

"என் இடுப்பு போச்சு அண்ணி."

எஞ்சினை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, கை சுட்டுக்கொண்டு, இடைவெளி பார்க்கும் அளவுத் தகட்டை மூன்றாவது சிலிண்டரின் வால்வுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே செருகினார். தகடு கல்யாண வீட்டுக்குள் போகிற மாதிரி தாராளமாக உள்ளே போனது. கிழவனுக்குக் கேட்டிருக்கிறது. சின்னவருக்கு வந்த எரிச்சலில் மூடியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. இடைவெளியைச் சரிசெய்து, நட்டை இறுக்கி, மறுபடி மூடியை மாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்திருப்பார், அதைத் தாங்குகிற தெம்பு அந்த நேரத்தில் அவருக்கு இல்லை.

வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தார். டேப்பெட்டின் டிக் டிக் சத்தம் போயிருந்தது. தடக்கு தடக்கு போகவில்லை.

டங். டங் டங். டங்.

இறுக்கு, தளர்த்து, இறுக்கு. சின்னவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்கவில்லை. மறுபடி ஜன்னலுக்குப் போய்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான் சொல்றத ஒரே ஒரு தடவை கேளு. நீ பழைய கேம் ஷாஃப்ட் சத்தத்தைத் தேடுறே. அது இனி வராது. இது வேற சாமான். வால்வு கூட நேரம் திறந்து கிடக்கு. நீ கேக்கிற அளவுக்கு ஸ்லோவை இறக்கினா நொண்டத்தான் செய்யும். ஸ்லோவைக் கொஞ்சம் ஏத்தி, டைமிங்கை ஒரு மயிரிழை முன்னாடி தள்ளி வச்சா தானா ஒரு நடைக்கு வந்துரும். முதல் நாள்லேர்ந்து இதைத்தான் சொல்றேன்."

பெரியவர் தம்பியையே பார்த்தார். உதடு அசைந்தது. "ஏத்தி வச்சா… யார் வேணா… நொண்டாம வைப்பான்."

"அந்த யாரோ ஒருத்தனாவே நான் இருந்துட்டுப் போறேன்."

"செய்… பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' இருக்கிறதே, அதுதான் சின்னவரை எப்போதும் கிளப்பிவிடும். அண்ணி எழுந்தாள். "ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிங்க. நான் போய் வெந்நீர் வைக்கிறேன்" என்று சமையலறைக்குப் போனாள். அவளுக்கும் அலுத்திருந்தது.

சின்னவர் டைமிங்கை மாற்றுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, குடுவையைத் திருப்புகிற மாதிரி ஒரு துளி திருப்பினார். எஞ்சினின் குரல் மாறியது. ஸ்லோ திருகைக் கால் சுற்று ஏற்றினார். தட்டு விழும் என்று தோள் தானாகச் சுருங்கியது. விழவில்லை. கலவைத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். எஞ்சின் ஒரு முறை இருமியது, பிறகு நடந்தது. நொண்டல் முழுக்கப் போய்விட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது அது ஒழுங்கான நொண்டல். காலங்காலமாக அப்படியே நடந்து பழகியவனின் நடை, இனி விழமாட்டான்.

அவர் திருப்புளியை எடுத்தார். காத்திருந்தார். தட்டு இல்லை.

வேண்டுமென்றே ஆக்ஸிலேட்டர் கம்பியை ஒரு முறை இழுத்து விட்டார். எஞ்சின் உறுமி, இறங்கி, அதே நடைக்கு வந்து நின்றது. இந்த இடத்தில்தான் எப்போதும் தட்டு விழும். இன்னும் காத்திருந்தார். கூரைத் தகரம் அதிர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சின்னவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று, கரிக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பைத்தியக்காரனைப்போலச் சிரித்தார். உள்ளே போய் அண்ணன் முகத்தைப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். வேண்டாம். போய் நின்றால் கௌரவத்துக்காகவாவது ஏதாவது ஒரு நொட்டை சொல்வார். கிடைத்ததைக் கெடுத்துக்கொள்வானேன்? பானெட்டைச் சாத்தி, வண்டியில் ஏறி, ஏற்றத்தில் ஒரு சுற்று போய்வரலாம் என்று பின்னுக்கு எடுத்தார். தெருவில் திருப்பும்போது கண்ணாடியில் அண்ணியின் கை தெரிந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நீண்டு, வேகமாக அசைந்தது. போய் வா, போய் வா என்கிறாள். அண்ணன்தான் சொல்லச் சொல்லியிருப்பார். சின்னவர் ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுக் கிளம்பினார்.

பிக்கப் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது. உச்சியில் டீக்கடை. எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி ஒரு டீ வாங்கிக்கொண்டார்.

"என்ன சின்னவரே, முகத்துல பல்பு எரியுது?" என்றார் டீக்கடைக்காரர்.

"கேளும். நல்லாக் கேளும். எப்படி நிக்குது பாத்தீரா? அண்ணனே ஒண்ணும் சொல்லல."

"யாரு, பெரியவரா? நொட்டை சொல்லலையா?"

"ஒரு தட்டு இல்ல."

"அப்போ இன்னைக்கு டீ என் கணக்கு" என்றார் டீக்கடைக்காரர். கடையில் இருந்த இரண்டு பேரும் எழுந்து வந்து, என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே எஞ்சினைக் கேட்டார்கள். சின்னவர் டைமிங், வால்வு என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னார். வாழ்க்கையிலேயே அவர் அவ்வளவு நேரம் ஒரு டீயைக் குடித்ததில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் பக்கத்து வீட்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவர் வந்து வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, "சின்னவரே, இறங்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பெரியவர் அதே தலையணையில் அதே சாய்வில் இருந்தார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாளா, இனிமேல்தான் அழப்போகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"கூப்பிட்டேனே தம்பி" என்றாள். "எஞ்சின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. கை காட்டினேனே."

"போகச் சொல்றீங்கன்னு நெனச்சேன் அண்ணி."

"எப்போ?" என்று கேட்டார்.

"தெரியல. வெந்நீரைக் கொண்டு வந்தப்போ இப்படித்தான் இருந்தார். கண்ணு தொறந்திருந்துச்சு. கேட்டுக்கிட்டு இருக்காருன்னு நெனச்சுப் பக்கத்துல டம்ளரை வச்சேன்."

சின்னவருக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. டைமிங்கை நான் திருப்பினதுக்கு முன்னாடியா, பின்னாடியா? புருஷனை இழந்து உட்கார்ந்திருக்கிறவளிடம் இதையா கேட்பது? நாக்கைக் கடித்துக்கொண்டார். தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அண்ணன் செத்துக் கிடக்கிறார், இவனுக்கு ஸ்லோ சரியாக நின்றதா என்று தெரியவேண்டுமாம். ஆனால் அது போகமாட்டேன் என்றது. ஆட்களுக்குத் தகவல் சொல்லும்போதும், நாற்காலி போடும்போதும், கட்டிலைச் சுற்றி இடம் பண்ணும்போதும் ஈ மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. தட்டாதது சரியாக இருந்ததாலா? தட்டக் கை இல்லாததாலா?

சாயங்காலம் டீக்கடைக்காரர் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? "காலைலதான் சின்னவர் வந்து சொன்னாரு. வண்டியைப் பெரியவர் சரின்னு சொல்லிட்டாராம். அந்தத் திருப்தியோடதான் போயிருக்காரு" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்தார்கள். மறுநாள் காலைக்குள் பெரியவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டேடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியதாக ஆகிவிட்டது. சொன்னவர் சின்னவரிடமே வந்து, கண் கலங்கி, தோளைத் தட்டிவிட்டுப் போனார். இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? சொன்னால், பின்னே என்ன நடந்தது என்பார்கள். அதுதான் அவருக்கே தெரியாதே.

பெரியவரின் மகள் வெளியூரிலிருந்து காலையில் வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஷெட்டில் நின்ற சித்தப்பாவிடம் வந்தாள்.

"சித்தப்பா, வேன் எதுக்கு? அப்பாவை நம்ம பிக்கப்லயே கொண்டு போலாம். அவர் ஆசைப்பட்டுச் செஞ்ச வண்டி. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"வேண்டாம்மா."

"ஏன் சித்தப்பா?"

"ஸ்லோ சரியில்ல."

அவளுக்குப் புரியவில்லை. "அப்பாவே சரின்னு சொன்னாருன்னு—"

"யார் சொன்னது? நான் சொல்றேன், சரியில்ல! அவரைப் பின்னாடி படுக்க வச்சிட்டு இந்த நொண்டி வண்டியை நான் தெருவுல ஓட்டணுமா? வழி முழுக்க அவர் அதைக் கேட்டுக்கிட்டே வரணுமா?"

வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்கோபக்காரன் என்று பெரியவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று சிலர் நினைத்திருப்பார்கள். உள்ளே கட்டிலருகே இருந்த அண்ணி தலையைத் தூக்கி ஜன்னல் வழியே அவரை ஒரு முறை பார்த்தாள். மகள் வேனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

வேனில்தான் கொண்டுபோனார்கள். வேன் ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. பின்னால் நடந்த சின்னவர், நாலாவது பிளக்கில் கோளாறு என்று நினைத்தார். நினைத்த உடனே, பக்கத்தில் யாருமில்லாத மாதிரி, விம்மி அழுதார்.

எல்லாம் முடிந்து, குளித்து, வந்த ஆட்கள் கிளம்பி, மகள் அசதியில் உள்ளறையில் தூங்கிவிட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னவர் முன்னறைக்குள் வந்தார். கட்டிலில் படுக்கையை எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் இரும்புச் சட்டமும் பலகையும் இருந்தன. பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலின்மேல் ஸ்பானர்.

ஸ்பானர் துடைத்து வைத்திருந்தது. துளி எண்ணெய் இல்லை, கைரேகை இல்லை.

வேலை முடிந்தால் ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைப்பது அண்ணனின் வழக்கம். வேலை முடியாமல் அவர் ஸ்பானரைக் கையிலிருந்து விட்டதே கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் அதோடேயே போய்ச் சோற்றின்முன் உட்காருவார். துடைத்து வைத்திருக்கிறார் என்றால்—

"அண்ணி" என்றார். அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "இந்த ஸ்பானர்… இங்கதான் இருந்துச்சா?"

அவள் அவரையே பார்த்தாள். எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவே அத்தனை வருஷம் சோறு போட்டவளுக்குத் தெரியாதா? ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"இல்ல தம்பி. அவர் கையில இருந்துச்சு. நான்தான் துடைச்சு வச்சேன்."

"கையிலன்னா… எப்படி?"

"இறுக்கிப் பிடிச்சிருந்தார். விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தேன்."

"தட்டுறதுக்கு ஓங்கின மாதிரியா?"

"எனக்கு என்ன தெரியும் தம்பி? பிடிச்சிருந்தார். அவ்வளவுதான்."

சின்னவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு மனிதன் போகிறபோதாவது ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? தட்டிவிட்டுப் போயிருக்கலாம். தட்டியிருந்தால் சரியில்லை என்று தெரிந்து தொலைந்திருக்கும், திருகிவிட்டிருக்கலாம். துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தால் அது ஒரு கணக்கு. கையில் பிடித்துக்கொண்டு போனால் அதற்கு என்ன அர்த்தம்? பானெட்டைத் தூக்கியவர் அதன் முட்டுக்கம்பியை வேண்டுமென்றே சத்தமாக மாட்டினார். சாவியைப் போட்டுத் திருப்பினார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. தடக்கு தடக்கு என்று தன் நடையை ஆரம்பித்தது. நேற்று இசைபோலக் கேட்ட நடை. சின்னவர் மட்கார்டில் கையை ஊன்றிக் காதைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே கேட்டது. நடைக்கு நடுவே, எப்போதாவது ஒரு முறை, ஒரு சின்னத் தயக்கம். காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. நேற்றைய சிரிப்பில் அது காதில் விழவில்லை. அல்லது நேற்று இல்லை, இன்று வந்ததோ என்னவோ. சைலன்சர் பக்கம் போய்ப் புகையை முகர்ந்தார். பெட்ரோல் ஒரு துளி அதிகம். திருப்புளியை எடுத்தார். கலவைத் திருகின் பள்ளத்தில் வைத்தார். இறுக்க வேண்டுமா, விடலாமா? கை நின்றது. இத்தனை வருஷத்தில் இந்தத் திருகைத் தன் இஷ்டத்துக்கு அவர் முடித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டங்.

ஒரே ஒரு தட்டு. அண்ணனுடைய தட்டைவிட மெல்லியது. கட்டில் கம்பியில்தான் விழுந்தது.

சின்னவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "நீங்களுமா அண்ணி?" என்று முணுமுணுத்தார். எரிச்சலாகத்தான் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது.

இறுக்கினார். மயிரிழை அளவுதான். தயக்கம் கரைந்தது. எஞ்சின் தடக்கு தடக்கு என்று, விட்டால் இப்படியே ஊர்க்கோடிவரை நடந்துவிடுவேன் என்கிற மாதிரி நின்றது. ஆக்ஸிலேட்டர் கம்பியை ஒரு முறை இழுத்து விட்டார். உறுமி, இறங்கி, அதே இடத்துக்கு வந்தது.

தட்டு இல்லை.

சின்னவர் காத்திருந்தார். தகரம் அதிர்ந்தது. திருப்புளியை மட்கார்டின்மேல் வைத்தார். எஞ்சினை ஓடவிட்டு, கரிக்கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு நடந்தார். நாலே எட்டில் போய்விடுகிற ஜன்னல். கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

அண்ணி கட்டில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பானர் அவள் மடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தவள், ஜன்னலில் நிழல் விழுந்ததும் திரும்பினாள்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றார் சின்னவர். "சும்மா பாத்தேன்."

அவள் ஸ்பானரை மடியிலிருந்து எடுத்து ஸ்டூலின்மேல் வைத்தாள்.